வஸ்திரகாயம் வரை வந்த ஸ்க்ரப்

ஜனவரியில் எடுத்த போட்டோவில் இடது தாடையில் 9 பரு, வலது தாடையில் 6. மூக்கின் மேலிருந்த கருமுள்ளைக் கணக்கில் சேர்க்கவில்லை. 32 வயதில் என்னப்பா பரு என்று ஆபீசில் கேலி வேறு. கடையில் வாங்கிய இரண்டு ஃபேஸ் வாஷும் முகத்தை வறட்டியாக்கியதுதான் மிச்சம். நாமே ஒரு ஸ்க்ரப் செய்துவிட்டால் என்ன என்று இறங்கினேன்.

முதல் முயற்சி, சோம்பேறி முயற்சி. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தேங்காய் எண்ணெய். ஐந்து நிமிடத்தில் ரெடி. தேய்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. கழுவிய பிறகு தாடை முழுக்க எரிச்சல், இரண்டு பரு உடைந்து ரத்தம். சர்க்கரை கரையத் தொடங்குவதற்குள் அதன் முனைகள் கீறி முடித்துவிடுகின்றன. எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2 சொச்சம், தோலுடையது 5ஐ ஒட்டி. கீறிய இடத்தில் அதை ஊற்றினால் எரியாமல் என்ன செய்யும்? எண்ணெய் வழியும் முகத்துக்கு மேலும் தேங்காய் எண்ணெய் பூசிய புத்தியைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

பிப்ரவரியில் நலங்கு மாவு. இதைக் கொஞ்சம் மரியாதையாகச் செய்யலாம் என்று சென்னை பாரிமுனைப் பக்கம், நாட்டு மருந்துக் கடைகள் இருக்கும் ராசப்ப செட்டித் தெருவுக்கே போனேன். தெருவுக்குள் நுழையும்போதே வெட்டிவேரும் வசம்பும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். “தம்பி, முகத்துக்கா, உடம்புக்கா?” என்று கேட்டார் கடைக்காரர். இரண்டுக்கும்தான் என்றேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. பச்சைப்பயறு அரைக் கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, அதோடு கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், வேப்பிலை, கார்போக அரிசி என்ற மூலிகை விதை. மொத்தம் 11 சாமான். இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்து, மாவு மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் நின்ற அம்மா அரைத்தது மிளகாய்த்தூள். அது என் மண்டையில் ஏறவில்லை. வேறு சாமான் அரைத்த மிஷினில் முதலில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் அத்தைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் முகத்தில் தடவியதும் கண்ணைத் திறக்க முடியவில்லை. வீட்டில் எங்கள் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அரைத்ததைக் கொட்ட மனசு வரவில்லை என்றாலும் கொட்டினேன். அதே 11 சாமானை மறுபடி வாங்கி, இந்த முறை அரிசி போட்டு ஓட்டி, அரைத்து வந்தேன். எரிச்சல் இல்லை. ஆனால் வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் நார் நாராக நின்றன. கையில் எடுத்தால் மரத்தூள் மாதிரி. வாரம் மூன்று நாள் தேய்த்துவிட்டு பைக்கில் ஆபீஸ் போனேன். இரண்டாவது வாரத்தில் நெற்றியிலும் கன்னமேட்டிலும் வெயிலில் சுட்ட மாதிரி சிவந்து, பிறகு அதே இடம் கறுத்துப்போனது. தாடையில் பரு 17.

தோல் டாக்டரிடம் போனேன். மாவில் போட்டதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கார்போக அரிசி என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. தோலை வெளிச்சத்துக்குக் கூச்சப்பட வைக்கும். வெண்புள்ளிக்குச் சோராலென் கொடுத்து, அளந்து புற ஊதாக் கதிர் காட்டுவது ஒரு சிகிச்சை முறையே. “நீங்க அளக்காம காட்டியிருக்கீங்க” என்றார். எனக்கு வந்தது அதனால்தானா, தேய்த்த தேய்ப்பினாலா என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றார்.

அவர் சொன்னதில் மனசில் ஒட்டியது இன்னொன்று. சிவந்து வீங்கிய பருவை மேலே தேய்த்தால் அது உள்ளுக்குள்ளேயும் உடையும், வீக்கம் பக்கத்துக்குப் பரவும். நம் மாதிரி மாநிறத் தோலில் வீங்கிய இடமெல்லாம் கறுப்புத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். பரு இருக்கிற வரைக்கும் அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. ராத்திரிக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல் எழுதிக் கொடுத்தார். (நீலத் தலையணை உறை இப்போது வெள்ளைத் திட்டுத் திட்டாக இருக்கிறது. ஜெல் போடுகிறவர்கள் பழைய உறையாகப் பார்த்து மாட்டுங்கள்.) கிளம்பும்போது, ஹெல்மெட் வாரை எப்போது துவைத்தீர்கள் என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மூக்கும் நெற்றியும் இன்னும் எண்ணெய்ப் பிசுக்காகத்தான் இருந்தன. அங்கே பரு இல்லை, மெல்லத் தேய்க்கலாம். மார்ச்சில் மூன்றாவது மாவு. மூன்றே சாமான்: தோல் நீக்கிய பாசிப்பருப்பு 4 பங்கு, ஓட்ஸ் 2 பங்கு, முல்தானி மெட்டி 1 பங்கு. வாசனைக்கு ஒன்றும் இல்லை. பருப்பையும் ஓட்ஸையும் வீட்டு மிக்சியிலேயே அரைத்தேன். மில் பக்கமே போகவில்லை.

“கடையில விக்கிற சல்லடை இதுக்கு ஆகாதுடா, வஸ்திரகாயம் பண்ணு” என்றார் அத்தை. நாட்டு மருந்துச் சூரணத்துக்குச் செய்வது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து எவர்சில்வர் பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, மேலே மாவைப் போட்டு விரலால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். துணி வழியாக இறங்குவது மட்டும்தான் நமக்கு. 200 கிராம் போட்டேன். 40 நிமிடம் தேய்த்து இறங்கியது 90 கிராம். தோள்பட்டை கழன்றது. துணி மேல் நின்றதை மறுபடி மிக்சியில் போட்டு இன்னொரு சுற்று. கீழுதட்டில் துளி தடவிப் பார்த்து நறநறவென்று இருந்தால் திரும்பச் சலிக்கச் சொன்னார். மூன்றாவது சலிப்பில்தான் அந்த நறநறப்பு போனது. விபூதி மாதிரி ஒரு மாவு.

முழங்கையின் உள்பக்கம் இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வந்தேன். ஒரு டீஸ்பூன் மாவை உள்ளங்கையிலேயே தண்ணீரில் குழைத்து, மூக்கு, நெற்றி மட்டும், அரை நிமிடம், வாரம் ஒரு முறை, ராத்திரியில். குழைத்தது மிஞ்சினால் எடுத்து வைப்பதில்லை, ஈரமாவு ஒரே நாளில் புளித்துவிடும். தாடையை மாவு தொடுவதே இல்லை.

மே மாதப் போட்டோவில் இடது தாடையில் 2, வலதில் 1. பழைய தழும்பு இன்னும் இருக்கிறது. மூக்கு நிஜமாகவே வழவழப்பு. பரு குறைந்ததற்கு மாவுக்கு மார்க் போட மாட்டேன். ஜெல்லும், வாராவாரம் துவைக்கிற ஹெல்மெட் வாரும்தான் அதைச் செய்திருக்கும்.

போன வாரம் ஈரக்கையோடு பாட்டிலைத் திறந்திருக்கிறேன். மாவு கட்டி தட்டி, உள்ளே வண்டு. மறுபடி 40 நிமிடம். வண்டு வராமலிருக்க இரண்டு காய்ந்த மிளகாயைப் போட்டு வைக்கச் சொல்கிறார் அம்மா. சிரிக்காமல் சொல்கிறார். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.