டிவிக்குப் பூட்டுப் போட்ட அனுபவம்

மகளுக்கு ஏழு வயது. எங்கள் வீட்டு கூகுள் டிவியில் மைக் பட்டனை அழுத்தி வாயால் சொன்னாலே போதும், எதையும் தேடி எடுத்துவிடுவாள். குழந்தை எதைப் பார்க்கலாம் என்று பெற்றோர் வரம்பு வைக்கும் பேரண்டல் கண்ட்ரோலைப் போட்டே ஆக வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

ஒரே இடத்தில் பூட்டினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டிவிக்குத் தனி, ஒவ்வொரு ஆப்புக்கும் தனி, செட்டாப் பாக்ஸுக்கும் தனி.

டிவியில் அவளுக்கென்று கிட்ஸ் ப்ரொஃபைல் உருவாக்கினேன். எந்தெந்த ஆப் தெரியலாம், தினமும் எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதையெல்லாம் அதிலேயே வைக்கலாம். அதிலிருந்து வெளியே வர பின் நம்பர் கேட்கும்படி செய்வதுதான் முக்கியம்.

நெட்ஃபிளிக்ஸை போனில் பிரவுசர் வழியாகத் திறந்து மாற்றுவது சுலபம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி படங்களுக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயதுப் பிரிவு இருக்கிறது. அதைப் பார்த்து வரம்பு வைத்தேன். அப்புறம் என் ப்ரொஃபைலுக்கும் கணவர் ப்ரொஃபைலுக்கும் 4 இலக்க பின். பெரியவர்கள் பக்கம் திறந்து கிடந்தால் குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல் வைத்து என்ன பயன்?

அதிக நேரம் பிடித்தது யூடியூப். பெரியவர்களுக்கான வீடியோக்களை வடிகட்டும் ரெஸ்ட்ரிக்டட் மோடை மட்டும் நம்பி விட்டுவிட எனக்கு மனமில்லை. யூடியூப் கிட்ஸில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று பிரிவுகள் உண்டு. அவற்றோடு, பெற்றோர் தேர்ந்தெடுத்தவை மட்டும் வரும்படியும் வைக்கலாம், தேடவும் முடியாது. அதைத்தான் எடுத்தேன். கதை, கைவினை, விலங்குகள் என்று ஒவ்வொரு சேனலாகப் பார்த்துச் சேர்த்தேன். அலுப்பான வேலைதான், ஆனாலும் செய்யத் தகுந்தது.

செட்டாப் பாக்ஸில் அத்தையைக் கேட்காமல் எதுவும் செய்யவில்லை. "எனக்கு நம்பரெல்லாம் ஞாபகம் இருக்காதும்மா" என்றார். அவர் பார்க்கும் சீரியல் சேனல்களை விட்டுவிட்டு, இரவில் பேய்ப்படம் ஓடும் சில சேனல்களை மட்டும் பூட்டினோம். பாக்ஸோடு வரும் பின் பெரும்பாலும் 0000 அல்லது 1234 ஆக இருக்கும். முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. ரிமோட்டில் பின் போடும்போது திரையில் எந்த எண்ணுக்கு நகர்கிறோம் என்பது பளிச்சென்று தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை ஒரே பார்வையில் படித்துவிடும். அவள் அறையில் இல்லாதபோதுதான் நான் போடுகிறேன்.

இத்தனையிலும் எனக்கு அதிகம் உதவியது, அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை நிறுத்தியது. நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் இதைத் தனியாக அணைக்கலாம். இப்போது ஒன்று முடிந்ததும், "இன்னொண்ணு பாக்கட்டுமா?" என்று அவளே வந்து கேட்கிறாள். நேரம் குறைவாக இருந்தால் முதலில் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.