வாசி தீரவே காசு

தை மாதம் அறுப்புக்கு நின்ற சம்பா, விடாத மழையில் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டுவிட்டது. மிஞ்சியதை அறுத்துக் கொண்டுபோனால் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை, வெளி வியாபாரி மூட்டைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு எடுத்தார். நகைக்கடன் வட்டி தனி. அந்த வாரம்தான் அம்மா, "வீழிமிழலைக்கு ஒரு தடவ போயிட்டு வந்துடுவோம்டா" என்றார், திருவீழிமிழலை சிவன் கோயிலைத்தான். எனக்கு மனசே இல்லை. மழையைக் கொட்டியவரிடமே போய் என்ன கேட்பது?

சரி என்று பூந்தோட்டத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். நடுவே தூணே இல்லாமல் வளைந்து நிற்கும் வவ்வால் நெத்தி மண்டபத்தைப் பார்த்தால் வந்த கவலைகூட ஒரு நிமிடம் மறந்துபோகும். உள்ளே சுவாமி கல்யாணக் கோலத்தில், மாப்பிள்ளை சுவாமியாக.

எனக்கு இந்த ஊரில் பிடித்தது படிக்காசுக் கதை. பஞ்ச காலத்தில் சம்பந்தரும் அப்பரும் இங்கே தங்கி அடியார்களுக்குச் சோறு போட, சிவன் தினமும் ஆளுக்கொரு பொற்காசு வைத்தார். குடம் குடமாக இல்லை, அன்றன்றைக்கு ஒன்று. புல் செதுக்கும் உழவாரம் பிடித்துக் கோயிலில் கைத்தொண்டு செய்த அப்பரின் காசு கடைத்தெருவில் உடனே மாறியது; சம்பந்தரின் காசுக்கு மதிப்பைக் குறைத்து வட்டம் கழித்தார்கள், அதனால் அவர் மடத்தில் பந்தி தாமதம். அவர் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று நேராகவே கேட்டுவிட்டார். வாசி என்றால் அந்தக் கழிவுதான்.

ஞானசம்பந்தருக்கே கழித்திருக்கிறார்கள்! சன்னதியில் நின்றபடி சிரிப்பு வந்துவிட்டது, அம்மா முறைத்தார். அப்புறம் நானும் மூட்டைக் கணக்கோடு எல்லாவற்றையும் சொன்னேன், கொஞ்சம் கோபமாகத்தான்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது பக்கத்து வயல்கார மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், காலடியில் ஒரு சாக்கு. "எட்டு கிலோ விதை உளுந்து இருக்குப்பா. வயல்ல இருக்கிற ஈரம் காயறதுக்குள்ள தெளிச்சிரு, காசு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை, அவருக்குக் காப்பி போட உள்ளே போனார். மறுநாள் விடிந்ததும் தெளித்தோம்.