பிஆர்பி ஊசி: கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகள்

முடி உதிர்வதைத் தடுக்கத் தலையில் பிஆர்பி ஊசி, அதாவது நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா, போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்களில் பலர், மனத்துக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நம் உடம்பிலிருந்து எடுத்த இரத்தம் நம் உடம்புக்கே திரும்பப் போகிறது, வெளி மருந்து எதுவும் இல்லை என்ற எண்ணம் அவர்களுக்குத் தெம்பளிக்கிறது. அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்தவன்தான், அந்த ஈர்ப்பு எனக்கும் இருந்தது. ஆனால் பரம்பரை வழுக்கைக்கு மூலகாரணமான ஹார்மோனை இந்த ஊசி தொடுவதே இல்லை என்பதை விளம்பரங்களில் நான் பார்த்ததில்லை.

ஆண்களின் வழுக்கையில் நடப்பது இதுதான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், ஒரு நொதியால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுகிறது. மரபுவழியாக அதற்கு எளிதில் வசப்படும் முன்நெற்றி, உச்சிப் பகுதி மயிர்க்கால்கள் ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் சற்றே சுருங்கி, கடைசியில் பூனைமுடியை மட்டும் தருகின்றன. பிடரி மயிர்க்கால்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வதால்தான் முடிநடவுக்கு அங்கிருந்து எடுக்கிறார்கள். அந்த ஹார்மோன் உருவாவதைக் குறைப்பது ஃபினாஸ்டரைடு மாத்திரை. தலையில் தடவும் மருந்தான மினாக்சிடில் வேறு வழியில், முடியின் வளர்ச்சிக் காலத்தை நீட்டுகிறது. ஆண்களின் வழுக்கைக்கு மினாக்சிடிலை 1988இலும் ஃபினாஸ்டரைடை 1997இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது. பிஆர்பிக்கு அப்படியொரு அனுமதி இல்லை. பிளாஸ்மாவைப் பிரிக்கும் கருவிகள் எலும்பு ஒட்டு போன்ற வேறு பயன்களுக்காக அனுமதி பெற்றவை, அவற்றைத் தலைக்குப் பயன்படுத்துவது மருத்துவரின் சொந்த முடிவு.

கையிலிருந்து எடுத்த இரத்தத்தை, உறையாமலிருக்க மருந்து கலந்த குழாயில் ஊற்றிச் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றும்போது சிவப்பணுக்கள் அடியில் தங்கி, வைக்கோல் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கிறது. சாதாரண இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரை இருக்கும் பிளேட்லெட்டுகளை (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை) ஏறத்தாழ பத்து லட்சம் வரை செறிவாக்குவதே பலரும் சொல்லும் இலக்கு. அவை வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள், சுருங்கிவரும் மயிர்க்கால்களைத் தூண்டும் என்பது கருத்து. எத்தனை முறை, எந்த வேகத்தில் சுழற்றுவது என்பது இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு ஊசிகளில் ஒரே சரக்குதான் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எல்லாருக்கும் பொதுவானது வலி ஒன்றுதான். நெற்றியோரம் மரத்துப்போக ஊசி போட்டாலும் உச்சியில் அது தெரியத்தான் செய்கிறது.

பலன் உண்டா என்றால், ஓரளவு உண்டு. 2015இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், இருபது ஆண்களின் தலையில் ஒரு பாதிக்குப் பிஆர்பியும் மறுபாதிக்கு உப்புநீரும் செலுத்தியபோது பிஆர்பி பாதியில் முடி கூடியது. ஆனாலும் பின்னர் சிலருக்கு உதிர்வு திரும்பியது. 2016இல் பெண்களிடம் நடத்திய மற்றோர் ஆய்வில் பிஆர்பிக்கும் உப்புநீருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே மாத்திரையோடும் மருந்தோடும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் துணைச் சிகிச்சையாகவே நான் இதை மதிக்கிறேன். அடியோடு வழித்துவிட்ட வழுக்கையில் இதனால் முடி முளைக்கும் என்று எவரேனும் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

சொந்த இரத்தம் என்பதால் ஆபத்தே இல்லை என்ற பேச்சையும் நம்பக்கூடாது. அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில், உரிமம் இல்லாத அழகு நிலையம் ஒன்றில் முகத்துக்குப் பிளாஸ்மா சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது 2018இல் வெளிவந்தது. குழாயில் உங்கள் பெயர் எழுதப்படுகிறதா, ஊசியும் குழாயும் உங்கள் கண்ணெதிரே புதிதாகப் பிரிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். பிளேட்லெட் குறைபாடு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், தலையில் புண் உள்ளவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பெண்களாயின், இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்காமல் நேராக ஊசிக்குப் போவது வீண் செலவாகிவிடக்கூடும்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்கும்போது, முதல் மூன்று நான்கு மாதங்களுக்கான தொகுப்பு விலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வழக்கமாக மாதம் ஒரு முறை என்று தொடங்கும் இந்தச் சிகிச்சை, பலன் நிலைக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தொடர வேண்டியிருக்கும். அந்தப் பிந்தைய ஊசிகளின் விலையையும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.