கத்தரி பிடித்த கையும் அரை லிட்டர் பாட்டிலும்

நவம்பர் 11, 2024, திங்கள்

தீபாவளிக்கு முன்னால் மூன்று வாரம் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் வெட்டித் தைத்ததற்கு இப்போது வட்டி கட்டுகிறேன். வலது முழங்கையின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் விரல் வைத்தால் உயிர் போகிறது. தைலம் தேய்த்துப் பத்து நாள் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்குப் பிசியோவிடம் போனேன், சின்னப் பெண். கையை நீட்டி முஷ்டி மடக்கச் சொன்னாள், மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னாள், தூக்கியதும் புறங்கையை ஒரு அமுக்கு அமுக்கினாள். கத்திவிட்டேன். "டென்னிஸ் எல்போ, அக்கா" என்றாள். பெயர்தான் பெரிய இடத்துப் பெயர். அவளிடம் வருவதெல்லாம் கொத்தனார், பெயிண்டர், சமையல்காரர், என்னை மாதிரி தையல்காரிகள்தானாம்.

நவம்பர் 12, செவ்வாய்

கத்தரியைப் பிடிப்பது விரல், வலிப்பது முழங்கை, இது என்ன கணக்கு என்று கேட்டிருந்தேன். எதையாவது இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு மடங்கிவிடாமல் நிறுத்துவது புறங்கைப் பக்கத்துத் தசைகளாம், அவற்றின் நாண் போய் ஒட்டுகிற இடம்தான் அந்த எலும்பு. இன்று கவனித்துப் பார்த்தேன். நான்கு மடிப்புத் துணியை வெட்டும்போது ஒவ்வொரு கடிக்கும் அங்கேதான் சுள்ளென்கிறது. கத்தரிக்குச் சாணை பிடித்து ஆறு மாசம் ஆச்சு, அது என் தப்பு.

முதல் பத்து நாளுக்கு அசையாப் பயிற்சி மட்டும். முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கணும். இடது கையால் புறங்கையை அமுக்க வேண்டும், வலது கை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். 30 விநாடி, ஐந்து தடவை. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், நான்காவது தடவையில் கை நடுங்கும்.

நவம்பர் 22, வெள்ளி

இன்று பாட்டில். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அரை கிலோ. அதே மேஜை, அதே விளிம்பு. இடது கையால் தாங்கி வலது மணிக்கட்டை மேலே கொண்டுபோக வேண்டும், இடது கையை எடுத்துவிட்டு நான்கு எண்ணும் வரைக்கும் மெள்ள இறக்க வேண்டும். தூக்குவது நம் வேலையில்லை, இறக்குவதுதான் மருந்து என்கிறாள். 15 தடவை, மூன்று சுற்று. நான் முதல் நாள் அவசரத்தில் தொப்பு தொப்பென்று இறக்கினேன், அதற்கு ஒரு திட்டு.

வலி பத்துக்கு மூன்று நான்கு என்றால் பரவாயில்லை, மறுநாள் காலையில் அடங்கிவிட வேண்டும், அடங்காவிட்டால் சுற்றைக் குறைக்கணும்.

நவம்பர் 27, புதன்

பக்கத்து வீட்டு அத்தை, ஊசி போட்டுக்கொள், ஒரே நாளில் சரியாகும் என்கிறார். பிசியோவிடம் கேட்டேன். ஸ்டீராய்டு ஊசியில் சில வாரம் சுகமாகத்தான் இருக்குமாம், ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே மேலாக இருக்கிறார்களாம். சரி, வேண்டாம்.

இவருக்கு இந்தப் பேச்சு வந்தாலே சச்சின்தான். 2004-இல் சென்னையில் வேலை பார்த்தபோது ஆஸ்திரேலியா டெஸ்டுக்காக சேப்பாக்கம் போனாராம், சச்சினுக்கு இதே முழங்கை வலி, ஆடவில்லை, கடைசி நாள் மழை வேறு. மறுவருஷம் லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டார். "அவருக்கே அப்படி" என்கிறார், ஆறுதல் சொல்கிறாராம்.

டிசம்பர் 14, சனி

நேற்று கார்த்திகை. ஓலைக் கொழுக்கட்டை இல்லாமல் கார்த்திகையா? மாவு பிசைந்ததைக்கூட கை தாங்கியிருக்கும், இரண்டு தேங்காய் துருவினேன் பாருங்கள், அதுதான் கெடுத்தது. இன்று காலை பால் பாத்திரத்தை இரண்டு கையால் இறக்கினேன். பாட்டிலை விட்டுவிட்டு மறுபடி அசையாப் பயிற்சி, மூன்று நாளைக்கு. வேலை செய்யும்போது கையில் இறுக்கிக் கட்டும் பட்டை போடுகிறேன், எலும்பு மேலே இல்லை, அதற்கு இரண்டு விரல் கீழே. இத்தனை நாளும் வலிக்கிற இடத்திலேயே கட்டிக்கொண்டிருந்தேன்!

பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்த்தால் வலி பாதிதான். குடத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குகிறேன்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

பொங்கலுக்கு இந்த வருஷம் நாளைக்கு ஐந்து பிளவுஸ், அதற்கு மேல் வாங்கவில்லை. கோபித்துக்கொண்டு இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும். கத்தரிக்குச் சாணை பிடித்தாச்சு, இரண்டு மடிப்புக்கு மேல் வெட்டுவதில்லை. காபி டம்ளர் வலிக்கவில்லை, ஈரப் போர்வையைப் பிழிந்தால் இன்னும் வலிக்கிறது.

எடையை ஒரு கிலோ ஆக்கச் சொன்னாள். ஒரு லிட்டர் பாட்டில் என் கைக்குள் அடங்கவில்லை, வழுக்கிக் காலில் விழுந்தது. இவர் அண்ணாச்சி கடையில் சும்மா கிடந்த பழைய எடைக்கல்லைக் கேட்டு வாங்கி மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பையின் காதைப் பிடித்து ஒரு சுற்று முடித்தாச்சு, இன்னும் இரண்டு பாக்கி. தேங்காயை அவர் துருவிக்கொண்டிருக்கிறார், ஓட்டையும் சேர்த்து.