கொல்லையில் மீன், மேலே கீரை

19 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கல் லீவுக்குள் தொட்டியை வைத்துவிட நினைத்தேன். இன்றுதான் முடிந்தது. மதுரை திருநகரில் எங்கள் வீட்டுக் கொல்லை பதினைந்துக்குப் பத்தடி இருக்கும். ஒரு மூலை முருங்கைக்கு, இன்னொரு மூலை துவைக்கிற கல்லுக்கு. மிச்ச இடத்தில் பழைய 500 லிட்டர் கருப்புச் சின்டெக்ஸ். அதற்கு மேலே இரும்பு ஸ்டாண்டில், நீளவாக்கில் இரண்டாக அறுத்த நீல டிரம். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று பழைய சாமான் கடைக்காரரிடம் மூன்று தடவை கேட்டேன். மாம்பழக் கூழ் என்றார். அறுக்கும்போது வந்த வாசமும் அதையே சொன்னது.

கீழே மீன், மேலே ஜல்லியில் கீரை. 40 வாட் மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது கீரைக்குச் சாப்பாடு. அம்மாவிடம் இதை விளக்கினேன். “மண்ணு இல்லாம கீரையா? சரி, போடு பாப்போம்” என்றாள்.

இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். அதையும் கேட்டாள்.

26 ஜனவரி

லாபம் பார்க்கப் போய் நஷ்டம். யாரோ வீடு கட்டி முடித்து மிச்சமாய்க் கிடந்த கூழாங்கல் பாதி விலைக்குக் கிடைத்தது. எட்டு மூட்டை. அம்மா கழுவ உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கூட ஆகவில்லை, ஒரு கல்லை எடுத்து நகத்தால் சுரண்டினாள்.

“ஏண்டா, இதுல பாதி சுக்கானுடா.”

அவள் பிறந்தது விருதுநகர்ப் பக்கம். அங்கே சுக்கான்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்பார்களாம். ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி நாலு கல்லைப் போட்டேன். இரண்டு சும்மா கிடந்தன. இரண்டு சோடா மாதிரி நுரைத்தன. இந்தக் கல் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை, ஏற்றிவிடும். எங்கள் போர்த் தண்ணீர் ஏற்கெனவே 8.1. பிஎச் ஒரு புள்ளி கூடினால் அம்மோனியாவில் விஷமான பங்கு பல மடங்காகும்.

எட்டு மூட்டையும் முருங்கைக்கு அடியில் போயிற்று. முக்கால் இன்ச் கருங்கல் ஜல்லி முழு விலைக்கு வந்து இறங்கியது.

1 பிப்ரவரி, சனி

இன்று முழுக்க சைஃபன். ஜல்லித் தொட்டியில் தண்ணீர் நிறைய வேண்டும், நிறைந்ததும் தானாக மொத்தமும் இறங்க வேண்டும், அப்போதுதான் வேருக்குக் காற்று கிடைக்கும். இதற்கு வால்வோ டைமரோ தேவையில்லை. நடுவில் ஒரு இன்ச் பைப்பை நிமிர்த்தி, மூடி போட்ட இரண்டரை இன்ச் பைப்பை அதன் மேல் கவிழ்த்தால் போதும். பெரிய பைப்பின் அடியில் தண்ணீர் நுழைய வெட்டு விட வேண்டும். மணி கவிழ்த்த மாதிரி இருப்பதால் பெல் சைஃபன் என்று பெயர்.

காகிதத்தில் அவ்வளவுதான். கொல்லையில் அது சொன்னபடி கேட்கவில்லை. நிறைந்த தண்ணீர் பைப்பின் விளிம்பில் வழிந்து, மோட்டார் ஏற்றும் அதே வேகத்தில் ஒழுகிக்கொண்டே இருந்தது. மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மோட்டாரைக் கூட்டினேன், குறைத்தேன், மூடியை எம்சீல் போட்டு அடைத்தேன். மாலை ஆறு மணிக்கு, பொழுது போகாமல்தான், கீழே இறங்கும் பைப்பின் முனையில் ஒரு எல்போவை, அதாவது வளைந்த இணைப்பை, செருகினேன். கொர்ர்ர் என்று ஒரு சத்தம். முழுத் தொட்டியும் ஒன்றரை நிமிஷத்தில் காலி! எல்போவில் தண்ணீர் ஒரு கணம் தேங்கிப் பைப்பை அடைத்துவிடுகிறது. பின்னால் வரும் தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. எல்போ விலை இருபது ரூபாய்.

அந்தச் சத்தத்தைக் கேட்க ஒன்பது மணி வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

5 பிப்ரவரி

மீன் விடுவதற்கு முன்னால் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும், அதற்குத் தீனி அம்மோனியா. அம்மோனியம் குளோரைடு போடலாம் என்று படித்துவிட்டு, அது என்ன என்று தேடினால் நம் நவச்சாரம்! ஈயம் பூசுகிறவர்கள் பாத்திரத்தில் தேய்ப்பது. நாட்டு மருந்துக் கடையில் கட்டியாக இருந்தது. ஆனால் அதில் வேறென்ன கலந்திருக்குமோ என்ற பயத்தில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். 500 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. கலர்மீன் வளர்க்கும் நண்பர், பாக்டீரியா குடியிருக்கும் தன் ஃபில்டர் ஸ்பாஞ்சை ஒரு வாளியில் பிழிந்து கொடுத்தார். பார்க்கச் சாக்கடை. உறைமோர் மாதிரி பயபக்தியுடன் ஜல்லியில் ஊற்றினேன்.

20 பிப்ரவரி

நைட்ரைட் டெஸ்ட் கத்திரிப்பூ நிறம். நைட்ரைட் இன்னும் அதிகம். அதாவது, பொறு.

5 மார்ச்

நேற்று மாலை மறுபடி 4 கிராம். இன்று மாலை அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். பாக்டீரியா தயார், சரியாக நாலு வாரம்.

9 மார்ச், ஞாயிறு

சாதாக் கெண்டைக் குஞ்சு 25, இரண்டு அங்குலம். கிஃப்ட் திலாப்பியாதான் முதல் ஆசை. அதற்கு மீன்வளத் துறை அனுமதி வேண்டும், இவ்வளவு சின்னத் தொட்டிக்கு அலைய மனமில்லை. ஆக்சிஜன் பையை இருபது நிமிஷம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, அப்புறம் விட்டேன். எல்லாம் அடியில் போய் ஒளிந்துகொண்டன. மேலே பாலக் விதைத்தாயிற்று. ஓரத்தில் ஒரு கொத்துப் புதினா. “புதினாவைத் தனியா வையி, அது எல்லாத்தையும் பிடிச்சுக்கும்” என்றாள் அம்மா. ஒரு கொத்துதானே.

23 மார்ச், ஞாயிறு

நேற்று அக்கா பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி தீவனம் போட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சிரித்துக்கொண்டு.

ராத்திரி இரண்டு மணி வாக்கில் கரண்ட் போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்குக் கோலம் போட எழுந்த அம்மா என்னை உலுக்கினாள். “டேய், மீனெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு மேல வருதுடா.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீரின் தோல் முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள். மூடி போடாததால் இரண்டு வாரத்தில் தண்ணீர் பச்சையாகியிருந்தது. ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தின்னாத தீவனம் அடியில் அழுகி மிச்சத்தையும் எடுத்துவிட்டது. நான் போனில் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு, காபி ஆற்றுகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கி ஊற்ற ஆரம்பித்தாள். அதுதான் பதில். இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊற்றினோம். ஆறே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.

ஆறு செத்துப்போயின. வாழைக்கு அடியில் புதைத்தேன். 150 லிட்டர் தண்ணீர் மாற்றியாயிற்று, இரண்டு நாளைக்குத் தீவனம் கிடையாது. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரும் தொட்டிக்கு மூடியும் வாங்க வேண்டும். இதை ஜனவரியிலேயே வாங்கியிருக்கலாம்.

6 ஏப்ரல்

பாலக்கின் இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தழைச்சத்துக் குறைவு என்றால் முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும். இளம் இலையில் வந்தால் இரும்பு. பிஎச் 7.8ல் சாதாரண இரும்பு உப்பு நிற்காமல் படிந்துவிடும். இடிடிஎச்ஏ என்ற வகை நிற்கும். 6 சதவீத இரும்புள்ள அந்தத் தூளை 17 கிராம் கரைத்தேன். தண்ணீர் நன்னாரி சர்பத் நிறமாகிவிட்டது. மீன்கள் கண்டுகொள்ளவில்லை.

இலைக்கு அடியில் அசுவினியும் இருக்கிறது. அம்மா வேப்பெண்ணெயும் சோப்பும் கலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஓடிப்போய்த் தடுத்தேன், அது கீழே இறங்கினால் மீன் போச்சு. வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம்.

19 ஏப்ரல், சனி

நேற்று முதல் அறுப்பு. ஒரு கட்டு தேறியது. கடைசலாக்கி மூன்று பேர் சாப்பிட்டோம்.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. ஏன் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, கொர்ர் சத்தம் இல்லை. ஃபேன் ஓடுகிறது, அதனால் கரண்ட் இருக்கிறது. கொல்லைக்கு ஓடினால் டிரம் தளும்பி விளிம்பில் வழிகிறது. மணியைத் தூக்கினேன், உள் பைப்பை அடைத்துக்கொண்டு முழங்கை நீளத்துக்கு ஒரு வேர், எலி வால் மாதிரி. இழுக்க இழுக்க வந்தது. மோந்து பார்த்தேன்.

புதினா.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.