சௌனாவில் புளித்த மாவு

ஃபின்லாந்தில் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவுக்கு வந்த முதல் மாதத்தில் நான்கு தடவை இட்லி மாவு கரைத்தேன். நான்கும் வீண். கும்பகோணத்தில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டுப் பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடக்கும், அம்மா என்னைத் திட்டிக்கொண்டே துடைப்பார். இங்கே இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தாலும் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி அப்படியே இருந்தது. வீட்டுக்குள் எப்போதும் 21 டிகிரி. வெளியே பனி கொட்டும்போதும் உள்ளே சட்டையோடு உலாவலாம், நமக்கு அது சுகம்தான், உளுந்துக்குப் போதவில்லை.

நாங்கள் வந்தது அக்டோபர் கடைசியில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் வாரம். டிசம்பர் பாதியில் சூரியன் ஒன்பதே காலுக்குத்தான் எட்டிப் பார்க்கிறது, மூன்றே காலுக்குள் போய்விடுகிறது. அந்த ஆறு மணி நேரமும் பெரும்பாலும் மேகம். மதியத் தூக்கம் போட்டு எழுந்தால் ராத்திரியா விடியற்காலையா என்று ஃபோனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஃபோன் என்றதும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எதற்கும் வரிசை கிடையாது, காகிதம் கிடையாது, டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டுகூடக் கணினியில்தான் இருக்கிறது, எந்த மருந்துக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் ஃபோனிலேயே, அற்புதம், ஆனால் அந்த இணையதளங்களுக்குள் நுழைய 'நான்தான்' என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் உங்கள் வங்கி தரும் இணையக் கடவுச்சொல்தான் சாவி. என்னிடம் வங்கிக் கணக்கே இல்லை. கணக்குத் தொடங்க நேரில் வரச் சொன்னார்கள், அதற்கு ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள், போனால் இன்னொரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஊரில் அப்பாவுக்கு யூபிஐ கற்றுக்கொடுத்தவள் நான், தெருவில் பாதிப் பேருக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள். இங்கே ஒரு பல்வலிக்கு இவருடைய ஃபோனை வாங்கி இவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. பல்வலியைவிட அதுதான் வலித்தது.

அந்தக் காத்திருப்பில் என்னைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்ட ஒரே இடம் நூலகம். பாஸ்போர்ட்டைக் காட்டினேன், முகவரியைச் சொன்னேன், ஐந்தே நிமிடத்தில் அட்டை. காசு கிடையாது. ஹெல்சிங்கி, எஸ்போ, வந்தா, கவுனியைனென் என நான்கு ஊர் நூலகங்களுக்கும் அந்த ஒரே அட்டை போதும், ஒரு ஊரில் எடுத்த புத்தகத்தை இன்னொரு ஊரில் திருப்பலாம். ஹெல்சிங்கியின் பெரிய நூலகத்துக்கு 'ஓடி' என்று பெயர். 2018 டிசம்பரில், நாட்டின் சுதந்திர தினத்துக்கு முதல் நாள், நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே திறந்திருக்கிறார்கள். "ஓடிக்குப் போயிட்டு வந்தேம்மா" என்றேன். "எதுக்குடி ஓடின, பனியில வழுக்கி விழவா?" என்றார் அம்மா. அங்கே மூன்றாம் மாடியில்தான் புத்தகம். இரண்டாம் மாடியில் தையல் மிஷின், முப்பரிமாண அச்சு இயந்திரம், முன்பதிவு செய்து சமைக்க ஓர் அடுப்படிகூட இருக்கிறது. நூலகத்தில் அடுப்படி என்பதை அம்மா இன்னும் நம்பவில்லை.

எளிய ஃபின்னிஷில் எழுதிய புத்தகங்களுக்கென்று தனி அலமாரி உண்டு. சின்னச் சின்ன வாக்கியம், பெரிய எழுத்து. தமிழில் எழுநூறு பக்க நாவலைப் படுத்துக்கொண்டே முடிக்கிறவள், இங்கே அறுபது பக்கத்தோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். ஆனால் ஒன்று பிடிபட்டது. தலோ என்றால் வீடு, தலோஸ்ஸா என்றால் வீட்டில், தலோஸ்தா என்றால் வீட்டிலிருந்து. நம்முடைய வேற்றுமை உருபேதான், வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது! குறில் நெடில் தப்பினால் பொருள் தப்பும், ஒற்று மிகுந்தாலும் தப்பும். துலி நெருப்பு, தூலி காற்று, துல்லி சுங்கம். தமிழ் வாத்தியாரிடம் அடி வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. அந்த மமதையோடு நூலகத்தில் நடக்கும் மொழிப் பேச்சு வட்டத்துக்குப் போய், எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவிடம் "நாளை உங்களைச் சந்திக்கிறேன்" என்று சொல்ல நினைத்தேன். 'தபான்' என்று இழுத்திருக்க வேண்டும், 'தபன்' என்று குறுக்கிவிட்டேன். அதற்கு 'கொல்கிறேன்' என்று அர்த்தமாம். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம், இங்கே எல்லாரும் அப்படித்தான். எனக்கு நாக்கு எழவில்லை. இன்றுவரை பேரைச் சொல்லாமலே பேசிச் சமாளிக்கிறேன்.

மாவுக்கு வருகிறேன். ஹெல்சிங்கியில் ஹகனியெமி என்ற பகுதியைச் சுற்றியுள்ள ஆசியக் கடைகளில் இட்லி அரிசி, உளுந்து எல்லாம் கிடைக்கிறது, மெட்ரோவில் நேராகப் போய்விடலாம். மிக்ஸி ஊரிலிருந்தே வந்தது, கரண்ட் ஒன்றுதான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஒரு நாள் ராத்திரி பத்தேகாலுக்கு உளுந்தை அரைத்தேன். மறுநாள் கதவில் ஒரு சீட்டு. கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தால், பத்து மணிக்கு மேல் காலை ஏழு வரை துளை போடும் மிஷினை ஓட்ட வேண்டாம், நன்றி, கீழே ஒரு சிரிப்புப் படம். சுவரில் துளை போடுகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். இப்போது ஆறு மணிக்கே அரைத்துவிடுகிறேன்.

ஓவனில் விளக்கைப் போட்டு உள்ளே வைப்பது எல்லாரும் சொல்லும் வழி. எங்கள் ஓவனில் கதவை மூடினால் விளக்கும் அணைந்துவிடும். அப்போதுதான் சௌனா, அதாவது சூடேற்றிய அறையில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்கக் குளிக்கும் இடம், நினைவுக்கு வந்தது. ஐம்பத்தாறு லட்சம் பேருக்குச் சுமார் முப்பது லட்சம் சௌனா இருக்கும் நாடு இது, எங்கள் வாடகை வீட்டிலேயே குளியலறையை ஒட்டி மரப்பலகை அடித்த ஒரு சின்ன அறை இருக்கிறது. முதல் தடவை அவசரப்பட்டேன். இவர் குளித்து வந்த கையோடு உள்ளே வைத்தேன், அறை எண்பது டிகிரி, மாவு ஓரமெல்லாம் வெந்து புட்டாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கதவைப் பாதி திறந்து வைத்து, சுவரிலிருக்கும் வெப்பமானி 35க்கு இறங்கும்வரை காத்திருந்து, கீழ்ப் பலகையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. அப்புறம் பார்த்தால் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "பலகை சுத்தமா இருக்கா? அங்க மனுசங்கதானே உக்காருவாங்க?" என்று பதில் வந்தது.

இங்கே சமையலறையில் இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. இட்லித் தட்டுகளைக் கழுவி, தொட்டிக்கு மேலே இருக்கும் கம்பி அலமாரியில் சொருகினால் தண்ணீர் நேராகத் தொட்டியில் சொட்டும், கதவை மூடினால் கண்ணுக்கும் தெரியாது. 1940களில் மையு கெப்ஹார்ட் என்ற பெண்மணி வீட்டு வேலையைக் குறைக்க இதை வடிவமைத்து இங்கே பரப்பினாராம். ஊருக்குப் போனால் ஆசாரியிடம் சொல்லி அம்மாவுக்கு ஒன்று அடித்துக் கொடுக்க வேண்டும்.

மொழி வட்டத்து அம்மாவுக்கு நாலு இட்லி கொண்டுபோனேன். சட்னியைத் தொடாமல் வெறும் இட்லியை மென்று, நன்றாக இருக்கிறது, கொஞ்சம் வெண்ணெய் போடலாமா என்றார். பதிலுக்கு அவர் செய்த புல்லா ரொட்டி கொடுத்தார். பிட்டதும் ஏலக்காய் மணம். நம் வீட்டுப் பாயச வாசனை இந்தப் பனியில் எங்கிருந்து என்று ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. இங்கே புல்லா மாவில் ஏலக்காய் போடுவதுதான் வழக்கமாம்.

வங்கிக் கடவுச்சொல் பிப்ரவரியில் வந்தது. பல் டாக்டரிடம் நானே நேரம் வாங்கினேன். இவருக்கு ஒரே ஒரு குறை. சனிக்கிழமை எப்போது குளிக்க வேண்டும், எத்தனை மணிக்குள் வெளியே வர வேண்டும் என்பதையெல்லாம் இப்போது மாவுதான் முடிவு செய்கிறதாம்.