மினிமம் கட்டினால் போதுமா?
ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆராதனை முடிந்து தே தாரிக் குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, கிரெடிட் கார்டு பில்லில் மினிமம் 5 விழுக்காடு கட்டினால் போதும்தானே?" போதும்தான், பேங்க் சும்மா இருக்கும், ஆனால் மிச்சத்துக்கு வருடம் 18 விழுக்காடு வரை வட்டி ஓடும். கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்கிறதே, மூன்று வருடம் அப்படி இருந்தவன் நான் (காணிக்கைக்கும் கார்டில் காசு எடுத்த காலம், சிரிக்காதீர்கள்). லூக்கா 14-இல் இயேசு, கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்கிறார். அது சீஷனாவதைப் பற்றிய பேச்சு, சரி, ஆனாலும் நாம் நின்றபடியே கார்டைத் தேய்க்கிறோம். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் ஆலோசனை இலவசம். தம்பியை அடுத்த வாரம் நானே கூட்டிப்போகிறேன்.